மூடி இங்க இருக்கட்டும்

பேனாவைக் கொடுத்துவிட்டு மூடியைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறார் சுகிர்தா. “மூடி இங்க இருக்கட்டும்.” கேட்டவர் ஏரியில் முப்பது வருடம் ஆராய்ச்சி செய்த பேராசிரியராக இருக்கலாம், மீட்டர் பார்க்க வந்த மின்வாரியத்துக்காரராக இருக்கலாம்; விதி ஒன்றுதான். மூடி இல்லாத பேனாவை எவரும் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போய்விட மாட்டார்கள் என்பது பதினெட்டு வருட ஸ்டோர்ஸ் உத்தியோகத்தில் அவர் கண்டறிந்த உண்மை. அத்தனை வருடத்தில் தொலைந்த பேனா மூன்றே மூன்று. யார் யார் கொண்டுபோனார்கள் என்று பெயர் சொல்வார். அதில் ஒருவர் காலமாகிவிட்டார். “அவரை மன்னிச்சிட்டேன் சார். மத்த ரெண்டு பேரும் இன்னும் உயிரோடதான் கீறாங்க.”

கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் எங்கள் அலுவலகம். கீழே பெரிய லேத் ஓடினால் மேலே கம்ப்யூட்டர் திரையில் எழுத்துகள் நடுங்கும். அந்த நடுக்கத்துக்கு நடுவே உட்கார்ந்திருப்பார். புடவைக்கு மேல் முழங்கால் வரை தொங்கும் நீலக் கோட்டு, மார்புப் பையில் வரிசையாக ஐந்தாறு பேனா மூடிகள், ஒரு கன்னத்தில் பெப்பர்மின்ட். வயது நாற்பத்து மூன்று. கோட்டு, சிப்காட்டில் அவர் வேலை பார்த்த வால்வு தொழிற்சாலை கொடுத்தது. 2004-இல் அதை மூடிவிட்டார்கள். பையின் மேல் தைத்திருந்த கம்பெனி பெயரை ஊசியால் நூல் நூலாகப் பிரித்து எடுத்துவிட்டார். ஆனால் தையல் போன துளைகள் அப்படியே இருக்கின்றன; ஜன்னல் வெளிச்சத்தில் நின்றால் பெயரைப் படித்துவிடலாம். “கம்பெனி போச்சி. கோட்டு இன்னா பாவம் பண்ணுச்சி?”

நான் அங்கே போய்ச் சேர்ந்தது 2007 ஜூனில். பன்னிரண்டு வருடம் ஹாலந்தில் இருந்துவிட்டு, கையில் மடிக்கணினியும் பையில் வயிற்றுக்கான மாத்திரைகளுமாக. வேலை இதுதான்: பழவேற்காடு ஏரியைத் தண்ணீர்க்காரர்கள் ஒரு பக்கம் அளக்கிறார்கள், மீன்காரர்கள் ஒரு பக்கம், பறவைக்காரர்கள் ஒரு பக்கம். ஒவ்வொருவரிடமும் பல வருடத் தகவல் குவிந்து கிடக்கிறது. ஒருவருடைய அட்டவணை இன்னொருவருக்கு உதவாது. மூவருக்கும் பொதுவாக ஒரு சொல்லமைப்பு வேண்டும். எது எதில் அடங்கும், எது எதோடு சேரும் என்று வகுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கோட் எண் கொடுத்துவிட்டால், மூன்று துறையின் தகவலும் ஒரே அட்டவணையில் வந்து உட்கார்ந்துவிடும். இதை ஆன்டாலஜி என்பார்கள். சுகிர்தா ‘ஸ்டோர்’ என்பார். அவரை எடுத்தது டேட்டா என்ட்ரிக்கு. மார்ச் மாதத்தோடு முடிகிற ஒப்பந்தம். கொடுப்பதைத் தட்டினால் போதும் என்றுதான் சொல்லியிருந்தோம்.

கொண்டுபோன வரைபடத்தை முதல் நாளே சுவரில் ஒட்டினேன். உச்சியில் ஒரே ஒரு கட்டம்: ‘உள்பொருள்’. அதன் கீழே ‘நிலைத்திருப்பவை’, ‘நிகழ்பவை’ என்று இரண்டு. அதற்கும் கீழே கிளை கிளையாக. சுகிர்தா பெப்பர்மின்ட்டை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“இது இன்னா சார், மேல தனியா ஒண்ணு நிக்குது?”

“உலகத்துல இருக்கிற எல்லாமே அதுல அடங்கும்.”

“ஸ்டோர் வாசல்ல ‘சாமான்’னு போர்டு போட்ட மாதிரி.”

“கிட்டத்தட்ட.”

“போர்டு நல்லாத்தான் கீது. வாஷர் வேணும்னு ஒருத்தன் வந்தா எங்க போவான்?”

நான் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மறுநாள் அவர் ஒரு கட்டு பின் கார்டு கொண்டுவந்துவிட்டார். ஸ்டோரில் ஒவ்வொரு பெட்டியின் வாயிலும் தொங்குகிற மஞ்சள் அட்டை அது. உள்ளே என்ன இருக்கிறது, எப்போது வந்தது, யார் கொடுத்தது என்று அதில் எழுதியிருக்கும். தொழிற்சாலையை மூடியபோது குப்பைக்குப் போக இருந்த வெற்று அட்டைகளை அள்ளி வந்திருந்தார். நான் கம்ப்யூட்டரில் வகுத்த ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை எழுதி, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குக் கட்டிய சணல் கயிற்றில் தொங்கவிட்டார். மின்விசிறி போட்டால் மூன்று துறைகளும் ஒன்றாகப் படபடக்கும்.

அட்டை வாங்குவது எளிதல்ல. மூன்று கேள்வி கேட்பார். “எதுல அளந்தீங்க? எத்தினி மணிக்கு? யார் கையால?” மூன்றுக்கும் பதில் சொன்னாலும் போதாது; அளந்தவரே, அளக்கும் சாமானோடு மாடி ஏறி வர வேண்டும். “சாமான் வராம கார்டு கிடையாது.” டெலிபோனில் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். டெலிபோனில் எல்லா நட்டும் ஒரே சைஸாகத்தான் கேட்கும் என்பார்.

ஜோசப் என்றொரு கல்லூரி விரிவுரையாளர் பறவைக் கணக்கெடுப்புக்குப் பொறுப்பு. ஒல்லியான மனிதர், கழுத்தில் எப்போதும் பைனாகுலர். ‘பூநாரைக் கூட்டம்’ என்ற சொல்லுக்கு அட்டை கேட்டு வந்தார்.

“எத்தினி இருந்தா கூட்டம்?” என்றார் சுகிர்தா.

“அது... பார்த்தாலே தெரியும் மேடம்.”

சுகிர்தா டிராயரைத் திறந்து பெப்பர்மின்ட் பொட்டலத்தை மேஜைமேல் கவிழ்த்தார். “இதான் பூநாரை. கூட்டம் வந்ததும் சொல்லுங்க.” ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்தார். ஜோசப் முன்னால் குனிந்து, கண்ணை இடுக்கி, ஒரு தடவை பைனாகுலரைக் கூடத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பதினாலாவது பெப்பர்மின்ட்டில் கை தூக்கினார். அட்டையில் பதினான்கு என்று ஏறியது. ஒரு பூநாரையை வாயில் போட்டுக்கொண்டு ஜோசப் படியிறங்கிப் போனார்.

இந்த மூன்று கேள்வியும் அலுவலகத்தோடு நிற்பதில்லை. பஜாரில் மீன் விற்கும் அஞ்சம்மாள், நீலக் கோட்டு தூரத்தில் தெரிந்ததுமே கூடையைச் சாக்கால் மூடிவிடுவார். “வந்துட்டாடி ஆபீசரு. எத்தினி மணிக்குப் புடிச்ச, யாரு புடிச்சான்னு கேப்பா. மீனுக்கு ஜாதகமா எழுதப் போறே? வாங்கித் துன்னுட்டுப் போவியா.” வீட்டில் சமையல் அலமாரி டப்பாக்களிலும் அட்டை உண்டு. ‘சர்க்கரை’ என்று ஒன்று. ‘சர்க்கரை, விருந்தாளிக்கு’ என்று ஒன்று. ‘சர்க்கரை, எறும்பு பார்த்தது’ என்று ஒன்று. சுகிர்தாவின் கணவர் எட்வர்ட், கீழே லேத் பட்டறையில் வேலை செய்பவர், இதை ஒரு டீக்கு நடுவில் என்னிடம் சொன்னார். “மூணும் ஒரே சர்க்கரைதான் சார். ஆனா தப்பு டப்பாவுல கை வச்சிட்டா அன்னிக்கு நாஷ்டா கெடையாது.” தொழிற்சாலையில் கூப்பிட்டுப் பழகிய பழக்கத்தில் அவர் மனைவியை ‘ஸ்டோரம்மா’ என்கிறார், மனைவி அவரை ‘ஃபிட்டரு’ என்கிறார். இருபத்து நாலு மணி நேரமும் டூட்டியில் இருப்பதுபோல ஒரு குடும்பம்.

சண்டை வந்தது சூட்டால்.

மூன்று துறை அட்டவணையிலும் ‘நீர் வெப்பநிலை’ என்று ஒரு பத்தி இருந்தது. இதைவிடச் சுலபமான சொல் இல்லை என்று நினைத்து, சுகிர்தாவைக் கேட்காமலே ஒரே கோட் எண் கொடுத்து மூன்றையும் கலந்து சராசரி போட்டேன். மாதா மாதம் இருபத்தெட்டு டிகிரி. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. எனக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதி என்னிடம் அடிக்கடி வருகிற சரக்கு அல்ல.

சுகிர்தா திரையைப் பார்த்து முகம் சுளித்தார். “இன்னா சார் இது, இவ்ளோ நல்லா கீது?”

“நல்லா இருந்தா நல்லதுதானே.”

“ஸ்டாக் எடுக்கும்போது ஒரு வாஷர் கூட குறையாம டேலி ஆச்சின்னா, எவனோ ஒக்காந்து எழுதியிருக்கான்னு அர்த்தம்.”

அன்றிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார். முதலில் ஜோசப். பறவை எண்ணுகிறவருக்குத் தண்ணீரில் இறங்கும் வேலை இல்லை. படிவத்தில் கட்டம் இருந்தது, காலியாக விட மனசு வரவில்லை. காலையில் செய்தித்தாளில் வரும் சென்னை வெப்பநிலையை எழுதிவிடுவார். “பேப்பர் தண்ணியிலயா நனையுது?” என்று கேட்டுவிட்டு, அதற்கும் ஓர் அட்டை எழுதினார் சுகிர்தா: ‘காற்று. சென்னை. நேற்று. செய்தித்தாளில் படித்தது.’

அடுத்து மீன்வள ஆய்வாளர் நாஜியா. பழவேற்காட்டுக்காரர். நைலான் கயிற்றில் கட்டிய தெர்மாமீட்டரோடு வந்தார். அதைப் படகிலிருந்து முழங்கை ஆழத்துக்கு இறக்கி, நூறு எண்ணிவிட்டுப் படிப்பது அவர் வழக்கம். ஏரிக்குள் ஒரு தொழிற்சாலையின் சுடுநீர் வந்து விழும் இடத்தில் முப்பத்து நாலு காட்டுகிறது என்றார். “நண்டு வலை போடறவங்க கைய வச்சிட்டு உதர்றாங்க அக்கா. உங்க சார் கம்ப்யூட்டர்ல பார்த்தா இருபத்தெட்டு. அது எந்த ஏரி? எனக்கும் அட்ரஸ் குடுங்க, குளிக்கப் போறேன்.”

பாக்கி தண்ணீர்க்காரர்கள். அவர்களுடைய தலைவர் டாக்டர் ஆதிகேசவன். இந்தத் திட்டத்துக்கே அவர்தான் இயக்குநர். எங்கள் எல்லோருடைய ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடுகிறவர். சலவைச் சட்டை, சட்டையைவிட விறைப்பான பேச்சு. அவருடைய அட்டவணையில் 2005-இலிருந்து ஏரித் தண்ணீர் திடீரென்று இருபத்திரண்டு, இருபத்து மூன்று என்று இறங்கிவிட்டது. சுனாமிக்குப் பிறகு ஏரியின் அடியில் குளிர்ந்த ஊற்று ஒன்று திறந்துகொண்டிருக்கிறது என்று அவர் கட்டுரை எழுதியிருந்தார். மாநாட்டில் வாசித்துக் கைத்தட்டலும் வாங்கியிருந்தார்.

தன் வெப்பநிலைக்கு அட்டை கேட்டு அவரே நேரில் வந்தார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடப் பேனா வாங்கினார். மூடி சுகிர்தாவிடம் நின்றது. கேள்விகள் ஆரம்பித்தன.

“யார் கையால சார்?”

“எங்க ஃபீல்டு ஆள் அளக்கிறார். சுப்பிரமணி.”

“அப்போ அவரு வரட்டும்.”

“நான் டைரக்டர்மா.”

“அதான் சார். நீங்க அளக்கலையே.”

ஆதிகேசவன் எழுந்தார். கோபத்தில் கையிலிருந்த பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு இறங்கினார். கடைசிப் படிக்கு வருவதற்குள் பையின் அடியில் நீலம் ஊறத் தொடங்கியிருந்தது. கீழேயிருந்து எட்வர்டின் குரல் வந்தது. “ஸ்டோரம்மா, உன் பேனா போவுது.” சுகிர்தா பின்னால் ஓடவில்லை. “நாலாவது” என்று மட்டும் சொன்னார். அந்த மூடியை ஒரு நூலில் கட்டி, வெப்பநிலை அட்டைக்காக ஒதுக்கியிருந்த இடத்தில், கயிற்றில் தொங்கவிட்டார்.

மூன்று வாரம் கழித்துச் சுப்பிரமணி வந்தார். சாமானோடு வரச் சொல்லியிருந்ததால் தெர்மாக்கோல் ஐஸ் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். ஒரு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கி, செய்து காட்டத் தொடங்கினார்.

“காலையில எட்டு மணிக்கு ஏரியில பாட்டில்ல மொண்டு, லேபிள் ஒட்டி, இதுல வச்சி மூடிடுவேன். தண்ணி கெட்டுடக் கூடாதில்ல.”

“ஐஸ்?” என்றார் சுகிர்தா.

“மீன் ஐஸ்தான். நாஜியா மேடம் பொட்டி இது.”

“அப்புறம்?”

“வண்டியில வச்சிகினு பொன்னேரி லேபுக்கு வந்து குந்திகினு இருப்பேன்.”

“எதுக்கு?”

“சாவிக்கு. தெர்மாமீட்டர் உள்ள பீரோவுல கீதே. படகுல ரெண்டு ஒடஞ்சிபோச்சி. இனிமே வெளிய போவக் கூடாதுன்னு டைரக்டர் சார் பூட்டிட்டாரு. சாவி அவருகிட்ட. பதினோரு மணிக்கு வருவாரு, சில நாளு பன்னெண்டு ஆவும்.”

“வந்தப்புறம்?”

“பொட்டியத் தொறந்து, பாட்டில்ல தெர்மாமீட்டர வுட்டு, எவ்ளோ காட்டுதோ எழுதிடுவேன்.”

“பூட்டினது எப்போ?”

“சுனாமி வந்துச்சில்ல. அடுத்த மாசம்.”

ஏரியின் அடியில் திறந்துகொண்ட குளிர்ந்த ஊற்று என் எதிரே, மீன் வாடையோடு, மூடி கொஞ்சம் உடைந்து, இருந்தது.

“ஜில்லுனு கீதேன்னு யாருகிட்டயும் சொல்லலயா?” என்றார் சுகிர்தா.

“கேட்டா சொல்லிருப்பேன். யாரு கேட்டாங்க?” சுப்பிரமணி வாளியை ஜன்னல் வழியே காலி செய்தார். கீழே யாரோ திட்டினார்கள்.

சுகிர்தா சிரித்ததில் பெப்பர்மின்ட் வெளியே வந்து விழுந்தது. பிறகு புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அட்டை எழுதினார். “வெந்நீரையும் ஐஸ் பொட்டியையும் ஒண்ணா ஊத்தினா பச்சத்தண்ணி ஆயிடும் சார். அதான் உங்க இருபத்தெட்டு.”

நீர் வெப்பநிலை என்ற ஒன்று மூன்றாகத் தொங்கியது. படகில் அளந்தது, செய்தித்தாளில் படித்தது, ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்தது. மூன்றுக்கும் தனித்தனி கோட் எண். ஐஸ் பெட்டி அட்டையின் பக்கத்தில் பேனா மூடி.

சிரிப்பு எனக்கு அன்று சாயங்காலமே நின்றுவிட்டது. மார்ச் கடைசி வாரத்தில் டெல்லியிலிருந்து ஆய்வுக்குழு வருகிறது, வெள்ளிக்கிழமை. குழுவுக்கு முன்னால் திட்டத்தை விளக்கப் போகிறவர் ஆதிகேசவன். சுகிர்தாவின் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்கக் கையெழுத்துப் போட வேண்டியவரும் ஆதிகேசவன். அவருடைய ஊற்றை ஒரு மஞ்சள் அட்டையில் எழுதி, டெல்லிக்காரர்களின் மூக்குக்கு நேராகத் தொங்கவிட்டிருக்கிறோம்.

“வெள்ளிக்கிழமை ஒரு நாள் மட்டும் கழட்டி வச்சிடலாம் சுகிர்தா. மறுநாள் மாட்டிக்கலாம்.”

அவர் மறுக்கவில்லை. டிராயரிலிருந்து ஒரு துண்டுச்சீட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். இன்டென்ட். ஸ்டோரிலிருந்து எதை வெளியே எடுப்பதானாலும் இதை எழுதிக் கொடுத்தாக வேண்டும்: என்ன சாமான், என்ன காரணம், கையெழுத்து. பேனாவும் கொடுத்தார், மூடி இல்லாமல். ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘ஆய்வுக்குழு வருகை’ என்று எழுதி நீட்டினேன். படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

“இது காரணம் இல்ல சார். பயம். பயத்துக்கு இஷ்யூ பண்ண முடியாது.”

“உங்க வேலை போயிடும்.”

“தெரியும் சார். கம்பெனி மூடினப்ப மூணு வருசம் நைட்டி தச்சிகினு இருந்தேன். மெஷின் இன்னும் ஊட்லதான் கீது.”

சொன்னது தைரியமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வாரம் ஒரே நேரத்தில் இரண்டு கன்னத்திலும் பெப்பர்மின்ட் இருந்தது. தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டு, ஊசி மாற்றி வைத்திருக்கிறார் என்று எட்வர்ட் சொன்னார். ஏன் இத்தனை பிடிவாதம் என்று எட்வர்டிடமே கேட்டேன். பதிலுக்கு இடது கைச் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டிக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் சுருங்கி மினுமினுத்தது.

“தொண்ணூத்தியொண்ணுல சார். ஸ்டோர்ல கோட் நம்பரு ஜாஸ்தியா கீது, கொறைங்கன்னு ஒரு ஆபீசர் சொன்னாரு. ரெண்டு கேஸ்கெட்டு, பைப்பு ஜாயின்ட்ல ஒழுகாம வைக்கிற வளையம், ஒரே கருப்பு, ஒரே சைஸு. ஒண்ணு தண்ணி லைனுக்கு, ஒண்ணு ஸ்டீம் லைனுக்கு. ரெண்டுக்கும் ஒரே கோட் போட்டு ஒரே டப்பாவுல போட்டுட்டாங்க. ஸ்டீம் லைன்ல நான் மாட்டினது தண்ணி கேஸ்கெட்டு.” சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். “ஆஸ்பத்திரிக்கு ஸ்டோரம்மா பாக்க வந்துச்சி சார். எல்லாரும் ஆரஞ்சுப் பழம் எடுத்துகினு வருவாங்க. இது ரெண்டு கேஸ்கெட்ட எடுத்துகினு வந்துச்சி. இது தண்ணிக்கு, இது ஸ்டீமுக்கு, ரெண்டையும் ஒண்ணாப் போட்டது நாந்தான்னு நின்னு அழுவுது. எனக்கு இன்னா பண்றதுன்னே தெரியல. கல்யாணம் பண்ணிக்கினேன்.”

வியாழக்கிழமை நாலு மணிக்கு ஆதிகேசவன் வந்தார், மறுநாள் குழு வருவதற்கு முன் அறையை ஒருமுறை பார்த்துவிட. சட்டைப்பையில் அதே பேனா. அடியில் ஒரு புதிய நீலப் பொட்டு. அவரிடம் வேறு பேனா இல்லாமலா இருக்கும்? திருப்பித் தர மனம் இல்லை, தூக்கி எறியவும் மனம் இல்லை போல. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கயிற்றோரமாக நடந்தார். பூநாரைக் கூட்டம் அட்டையைப் படித்து மூக்கால் சிரித்தார். நான் போய் மின்விசிறியைப் போட்டேன், அட்டைகள் ஆடினால் படிக்க முடியாது என்ற நப்பாசையில். சுகிர்தா எழுந்து வந்து நிறுத்தினார்.

வெப்பநிலைக்கு வந்ததும் ஆதிகேசவன் நின்றார். மூன்றாவது அட்டையைப் பிடித்து நிறுத்திப் படித்தார். சுகிர்தாவின் உருண்டைக் கையெழுத்து: ‘ஏரித் தண்ணீர். பாட்டிலில். மீன் ஐஸ் பெட்டியில் மூன்று மணி நேரம் வைத்த பின். சாவி வந்ததும் அளந்தது. அளந்தவர் சுப்பிரமணி.’

“இதை யார் எழுதினது?”

“நான்தான் சார்.”

“சுப்பிரமணி சொன்னாரா?”

“செஞ்சி காட்டினாரு.”

“நாளைக்குக் கமிட்டி வருதும்மா.”

“தெரியும் சார்.”

“உங்க ரினியூவல் பேப்பர் என் பையிலதான் இருக்கு.”

“அதுவும் தெரியும் சார்.”

“கார்டைக் கழட்டுங்க.”

சுகிர்தா நாற்காலியை இழுத்துப் போட்டு, மேஜைமேல் இன்டென்ட் சீட்டை வைத்தார். ஆதிகேசவன் அதைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், உட்கார்ந்தார். பையிலிருந்து மூடியில்லாத பேனாவை எடுத்து, சாமான் என்ற இடத்தில் ‘அட்டை ஒன்று’ என்று எழுதினார். அடுத்தது காரணம்.

‘பிழையான தகவல்’ என்று எழுதினார். சற்று நேரம் அதையே பார்த்திருந்துவிட்டு அடித்தார். ‘இன்னும் உறுதி செய்யப்படாதது’ என்று எழுதினார், அதையும் அடித்தார். நாலரை மணி ஷிஃப்ட் சங்கு சிப்காட் பக்கமிருந்து ஊதி ஓய்ந்தது. கீழே லேத் நின்றிருந்தது. எட்வர்ட் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. சுகிர்தா கையை நீலக் கோட்டின் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார். பைக்குள் மூடிகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்டது.

“அந்தப் பீரோ சாவி...” என்று ஆரம்பித்தார் ஆதிகேசவன்.

“உங்ககிட்டதான் சார்.”

அவர் பேன்ட் பையில் கைவிட்டுச் சாவிக்கொத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதில் ஒரு சின்னச் சாவியை மட்டும் விரலால் தனியே தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இன்டென்ட் சீட்டை நாலாக மடித்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எழுந்து கயிற்றருகே போய் அட்டையைப் புரட்டினார். பின் கார்டின் பின்பக்கம் அடியில் ‘சரிபார்த்தவர்’ என்று ஒரு கோடு இருக்கும். அதில் கையெழுத்திட்டார்.

“அந்த ஊத்தைப் பத்தி மூணு மாநாட்டுல பேசியிருக்கேன்” என்றார், சுவரைப் பார்த்து.

“கேட்டவங்களுக்குக் குளுகுளுன்னு இருந்திருக்கும் சார்” என்றார் சுகிர்தா.

ஆதிகேசவனின் தோள் குலுங்கியது. திரும்பியபோதுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது. தோள்பையைத் திறந்து ஒப்பந்தத் தாளை எடுத்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டு நீட்டினார். சுகிர்தா வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார்.

“டைம் போடலீங்களே சார்.”

“ஒப்பந்தத்துக்கு எதுக்கும்மா டைம்?”

“யார் கையாலன்னு கீது. எத்தினி மணிக்குன்னு இல்ல.”

ஆதிகேசவன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, தேதிக்குப் பக்கத்தில் 4.40 என்று எழுதினார். எழுதி முடித்த பிறகு, கையிலிருந்த பேனா யாருடையது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல, அதைச் சுகிர்தாவிடம் நீட்டினார்.

சுகிர்தா அதை வாங்கிக்கொண்டு கயிற்றருகே போனார். நூல் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து, மூடியை எடுத்து, கோட்டு நுனியால் ஒருமுறை துடைத்து, பேனாவில் டிக்கென்று போட்டார். போட்டு, அவரிடமே திரும்ப நீட்டினார்.